சனி பிடித்த புன்னைக்கொட்டை

எங்கள் வீட்டுக்குள் சனியைக் கொண்டுவந்தவள் நான்தான். பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஆளுக்கொரு கிரகம் செய்யச் சொன்னார்கள். நல்ல கிரகங்களையெல்லாம் முன்வரிசை வாங்குக் கெட்டிக்காரிகள் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது சனி.

பழைய பந்தின் மேல் ஊறவைத்த பேப்பரை ஒட்டி, மஞ்சள்தூள் கரைத்துப் பூசி, சவர்க்காரப் பெட்டி மட்டையில் வளையம் வெட்டிப் போட்டேன். ஈர்க்குகளின் நுனியில் களிமண் உருண்டைகளைக் குத்திச் சந்திரன்கள் ஆக்கினேன். கடைசிச் சந்திரன் மட்டும் புன்னைக்கொட்டை. அது சனியோடு கூடப் பிறந்ததல்ல, தன்பாட்டில் எங்கோ போய்க்கொண்டிருந்ததைச் சனி பிடித்து வைத்துக்கொண்டது என்று விஞ்ஞான ரீச்சர் சொல்லியிருந்தார். அதனால் அதற்கு வேறு சாதிப் பொருள் வேண்டும் என்பது என் கணிப்பு.

கண்காட்சிக்கு முதல்நாள் பின்னேரம் மேசையில் அதைக் கண்ட மாமிக்கு முகம் கறுத்துவிட்டது. மாமி அப்பாவின் அக்கா, கரவெட்டியில் இருந்தவர். அவருடைய ஒரே மகனை, என் மச்சானை, அந்த வருடம் ஆமி பிடித்துக்கொண்டுபோய்த் தெற்கே சிறைமுகாமுக்குக் கப்பலில் ஏற்றிவிட்டது. அதன்பிறகுதான் நீர்வேலிக்கு எங்களிடம் வந்தார். மச்சானுக்கு ஏழரைச் சனி என்று சாத்திரியார் சொல்லியிருந்ததால் சனிக்கிழமை தவறாமல் கோயிலில் எள்ளெண்ணெய் எரிப்பார். ஆமியைப் பற்றி மாமி அதிகம் கதைப்பதில்லை. எல்லாக் கோபமும் சனியின் மேல்தான்.

"உந்தச் சனியனை ஏன் பிள்ளை வீட்டுக்குள்ளை வைச்சிருக்கிறாய்? அதுக்கு மஞ்சள் வேறை பூசியிருக்கிறாய்!"

"அதின்ரை நிறமே அதுதான் மாமி," என்று நான் பாடம் எடுக்கத் தொடங்கினேன். புன்னைக்கொட்டையின் கதைக்கு வந்தபோது மாமி குனிந்து பார்த்தார்.

"பிடிச்சதை உது பிறகு விடாதோ?"

கேட்க ஒரு ஆள் கிடைத்த சந்தோசத்தில் நான் விரிவாகவே சொன்னேன். லேசில் விடாது. கிட்டப் போனால் இழுத்து நொறுக்கிப்போடும். இந்த வளையமே அப்படி நொறுங்கின ஒரு சந்திரனின் தூளாக இருக்கலாம். அந்தத் தூளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சனிக்குள்ளேயே விழுந்து ஒருநாள் முடிந்துபோகும்.

"முடிய எவ்வளவு காலம் செல்லும்?"

"கோடிக்கணக்கான வருசம் மாமி."

மாமி நிமிர்ந்து குசினிக்குள் போய்விட்டார். என் விளக்கம் போதவில்லையாக்கும் என்று கவலைப்பட்டேன்.

மறுநாள் காலை பார்த்தால் கடைசி ஈர்க்கு வெறுமையாக நிற்கிறது. அணிலைத் திட்டிக்கொண்டே தேடினேன். பிறகு அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, மாமி திருநீறு மடித்த காகிதச் சரையை எடுக்கச் சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே என் புன்னைக்கொட்டை.

"என்ரை சந்திரனைத் தாங்கோ மாமி! ரீச்சர் எண்ணிப் பார்ப்பா."

மாமி அவசரமாக முடிச்சை இறுக்கினார். "ஏலாது பிள்ளை. சனி விட்டிட்டுது எண்டு ரீச்சரிட்டைச் சொல்லு."

"சனி விடாதெண்டு நேற்றே சொன்னனான்தானே!"

அம்மா என் பின்னலைப் பிடித்து இழுத்த இழுவையில் கண்ணில் நீர் வந்துவிட்டது. "வாயை மூடு," என்றார். அம்மாவின் குரல் ஏன் உடைந்திருந்தது என்று திரும்பிப் பார்க்கவும் விடவில்லை.

ரீச்சரிடம் மாமி சொன்னபடியே சொன்னேன். வகுப்பே சிரித்தது. ஆறுதல் பரிசுகூட இல்லை. வரும் வழியில் புன்னை மரத்தின் கீழ் கொட்டைகள் கொட்டுண்டு கிடந்தன. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டுபோய் மாமியின் மடியில் போட்டேன்.

"இந்தாங்கோ, எல்லாத்தையும் வைச்சிருங்கோ. என்ரையைத் தாங்கோ."

மாமி ஒரு கையால் முடிச்சைப் பொத்திக்கொண்டார். மற்றக் கையால் மடியில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என்னிடமே திருப்பித் தந்தார். எல்லாம் ஒரே கொட்டைதானே, அந்த ஒன்றை மட்டும் ஏன் விடமாட்டேன் என்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.