கொட்டிலுக்கு வந்த சைக்கிள் பம்பு

கல்கத்தாவில் குதிரை டிராம் போய் மின்சார டிராம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். எங்கள் ஜாகை பவானிப்பூரில். இப்போது நம் ஜனங்கள் நிறைந்திருக்கிற லேக் மார்க்கெட் பக்கமெல்லாம் அப்போது வயலும் குட்டையுமாகக் கிடக்கும். எனக்குப் பதினாறு வயது. புக்ககத்தில் என்னைக் கொண்டுவிட என் அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ரயிலேறி என்னோடு வந்திருந்தார்.

மாப்பிள்ளை கல்கத்தாவில் காலேஜில் படிக்கிறார் என்று சொல்லித்தான் கல்யாணம் நடந்தது. பொய்யில்லை, காலேஜ்தான். எந்தக் காலேஜ் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்கவில்லை. வக்கீலுக்குப் படிக்கிறார் என்று அப்பா தானாகவே நினைத்துக்கொண்டார், ஊரெல்லாம் சொல்லியும் வைத்தார். வந்து இறங்கிய அன்று சாப்பிட்டுக் கை அலம்பும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பெல்காச்சியாவில் மாட்டுக்கும் குதிரைக்கும் வைத்தியம் சொல்லிக்கொடுக்கிற காலேஜ்.

அப்பா கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தார். "மாடு அறுக்கிற படிப்பா மாப்பிள்ளை? இதைச் சொல்லியா என் பொண்ணைக் கேட்டேள்?"

என் அகத்துக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மாமியார் கதவுக்குப் பின்னாலிருந்து, "நான் தலைபாடா அடிச்சுண்டேன் சம்பந்தி. இவன் அப்பா இருந்த கம்பெனியிலே துரை இன்னிக்கும் இவனுக்காக இடம் வச்சிருக்கார். போனா நாற்காலி. இவன் கொட்டில்தான் வேணும்கறான்" என்றாள்.

அப்பா நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "நாளைக்குக் கார்த்தாலே துரையைப் பார்த்து வேலையிலே சேருங்கோ. இல்லேன்னா சாயங்காலம் மெட்ராஸ் மெயில்ல என் பொண்ணு என்னோட திரும்பி வந்துடுவா."

என் அகத்துக்காரர் ஒரு தடவை என்னைப் பார்த்தார். அதுவரை நாங்கள் இருவரும் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியது கிடையாது. "சரி மாமா, சேர்ந்துடறேன்" என்றார். அந்தக் குரலைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மறுநாள் காலை அவர் குளித்து, கோட்டைத் தட்டிப் போட்டுக்கொள்ளும் நேரத்தில் பின்சந்திலிருந்து ஓலம் கேட்டது. எங்களுக்குப் பால் கொடுக்கிற கோவாலா, அதாவது பால்காரன், பின்சந்தில்தான் கொட்டில் வைத்திருந்தான். அவனுடைய நல்ல கறவை கன்று போட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மாமியார் அதன் சீம்பாலுக்குச் சொல்லி வைத்திருந்தாள். எல்லோரும் ஓடினோம்.

பசு தரையில் கிடந்தது. கழுத்தை வளைத்து மூஞ்சியை விலாவில் சாய்த்துக்கொண்டிருந்தது. கண்ணில் ஈ உட்கார்ந்தும் இமைக்கவில்லை. கோவாலா அழுதபடியே அரிவாளால் அதன் கழுத்துக் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தான். வங்காளத்தில் கட்டின கயிற்றோடு பசு செத்தால் கட்டியவனுக்குப் பாவம். அந்தக் கயிற்றைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, வாய் பேசாமல், மாடு மாதிரி "ஹம்பா" என்று மட்டும் குரல் கொடுத்து, வீடு வீடாகப் பிச்சையெடுத்துத்தான் அந்தப் பாவத்தைத் தீர்க்க வேண்டும். அவன் கயிற்றை அறுத்தான் என்றால் பசுவைக் கைவிட்டுவிட்டான் என்று அர்த்தம்.

எங்கள் அப்பா அப்படி விடுகிறவர் இல்லை. பத்து மாடு கட்டி ஆண்ட வீடு. சுக்கும் மிளகும் திப்பிலியும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைக்கச் சொன்னார். மாமியார் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்தாள். அப்பா அதை மூங்கில் குழாயில் ஊற்றி ஆற்றிக்கொண்டு, பசுவின் வாயைப் பிளந்து பிடித்தார். எங்கள் பக்கத்தில் மாடு படுத்தால் முதல் வைத்தியம் அதுதான்.

அப்போதுதான் என் அகத்துக்காரர் குனிந்து அப்பாவின் கையைப் பிடித்தார். மாமனார் கையைப் பிடித்துத் தடுக்கிற மாப்பிள்ளையை அதுவரை நான் பார்த்ததில்லை.

"ஊத்தாதீங்கோ மாமா. அதுக்கு இப்போ முழுங்கத் தெரியாது. புரையேறி எல்லாம் மூச்சுக்குழாய்க்குள்ளே போயிடும். கஷாயமே கொன்னுடும்."

"துரை காத்திண்டிருப்பார், நீங்க கிளம்புங்கோ. மாடு எனக்குப் புதுசு இல்லே."

அவர் கோட்டைக் கழற்றிக் கொட்டில் சுவரிலிருந்த முளையில் மாட்டினார். பசுவின் காதைத் தொட்டுப் பார்த்தார். மடியைத் தடவினார். நிமிர்ந்தபோது நேற்றுத் தலையைக் குனிந்த ஆளாகவே இல்லை. நேரே என்னைப் பார்த்து, "என் தகரப் பெட்டியிலே மெல்லிசா ஒரு குழாய் இருக்கு. கொதிக்கிற தண்ணியிலே போட்டு எடுத்துண்டு வா. கார்பாலிக் சீசாவும் பஞ்சும் கொண்டா. பக்கத்தாத்து பாபுகிட்டே சைக்கிள் பம்பு இருக்கும், அதையும் வாங்கிண்டு வா" என்றார்.

அவர் எனக்கு முதன்முதலாக இட்ட வேலை அது.

ஓடினேன். மாமியார், "மாட்டுக் குழாயை என் சமையல் பாத்திரத்திலே போடாதே" என்று பின்னாலேயே கத்தினாள். சீரில் எனக்கு வந்த வெண்கலச் செம்பில் போட்டுக் கொதிக்க வைத்தேன். மடிசாரை இழுத்துச் சொருகிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். எனக்கு வங்காளி ஒரு சொல்கூடத் தெரியாது. அந்த வீட்டம்மாவுக்கு முன்னால் நின்று இரண்டு கையாலும் காற்று அடித்துக் காட்டினேன். புஸ் புஸ் என்று வாயாலும் சத்தம் போட்டேன். அவள் சிரித்து முடிக்கிற வரை எனக்குப் பொறுக்கவில்லை. கூடத்தில் சாய்த்திருந்த சைக்கிளைக் கண்டு, பம்பை நானே உருவிக்கொண்டேன். வீட்டு மருமகளை அழைக்கிற மாதிரி "பௌமா, பௌமா" என்று கூப்பிட்டுக்கொண்டே அவளும் என் பின்னால் வந்துவிட்டாள். அதற்குள் சந்து முழுக்கக் கூட்டம்.

அவர் காம்பு நாலையும் கார்பாலிக் தண்ணீரால் துடைத்தார். குழாயை ஒரு காம்புக்குள் மெல்ல நுழைத்தார். பம்பின் வாயில் பஞ்சை வைத்துக் குழாயோடு சேர்த்துப் பிடித்தார்.

அப்பா கூட்டத்தைப் பார்த்து, "பசுவுக்குச் சைக்கிள் மாதிரி காத்தடிக்கப் போறாராம். கல்கத்தா வைத்தியம்" என்றார். பாஷை புரியாத வங்காளிகளும் சிரித்தார்கள்.

"ஆமாம் மாமா. உடம்பிலே இருக்கிற சத்தெல்லாம் மடிக்கே இறங்கிண்டிருக்கு. மடி நிறையக் காத்து ஏத்தினா அது நிக்கும். ஏன்னு எங்க வாத்தியாருக்கே முழுசாத் தெரியாது. ஆனா எழுந்துக்கறது, நான் பார்த்திருக்கேன். எனக்கு ரெண்டு கைதான் இருக்கு, கோவாலாவுக்குக் கை நடுங்கறது. நீங்க அடிங்கோ. மெதுவா."

அப்பா அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பம்பைப் பிடித்தார். ஏன் பிடித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாடு வளர்த்த மனுஷர், ஒரு பசு கண் முன்னால் போகிறதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடிந்திருக்காது. ஒவ்வொரு காம்பாகக் காற்று ஏறியது. மடி மத்தளம் மாதிரி விறைத்தது. நான் பழைய புடவையை நாடா நாடாவாகக் கிழித்துக் கொடுக்க, என் அகத்துக்காரர் காற்று இறங்காமல் காம்புகளைக் கட்டினார். வைக்கோல் மூட்டையை அண்டக்கொடுத்துப் பசுவை நிமிர்த்தி உட்கார வைத்தார்.

அப்புறம் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பை எப்படிச் சொல்வேன். கூட்டத்தில் பாதி கலைந்துவிட்டது. கோவாலா அறுந்த கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு மூலையில் குந்தியிருந்தான். மாமியார் காளிகாட்டுக் காளிக்கு வேண்டிக்கொண்டாள். அவர் மட்டும் பசுவின் பக்கத்திலேயே முழங்காலிட்டு அதன் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கோட்டு முளையில் தொங்கிக்கொண்டே இருந்தது.

முதலில் ஒரு காது அசைந்தது. நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு பசு மூஞ்சியை விலாவிலிருந்து எடுத்து, கொட்டிலைச் சுற்றிப் பார்த்தது. சாணி போட்டது. சாணி போட்டதற்கு ஜனங்கள் ஆரவாரம் செய்ததை அன்றுதான் பார்த்தேன். பின்கால் இரண்டையும் ஊன்றி, ஒரு தடவை சரிந்து, மறுபடி ஊன்றி எழுந்து நின்றது. கன்று கட்டியிருந்த பக்கம் பார்த்து, அடித்தொண்டையில் கூப்பிட்டது. பக்கத்து வீட்டம்மா குலவையிட்டாள். கோவாலா, "டாக்தர்பாபு" என்று அவர் காலில் விழுந்தான். அவரை அப்படி அழைத்த முதல் ஆள் அவன்தான்.

அவர் கிணற்றடிக்குப் போய்க் கை கால் கழுவிக்கொண்டு வந்தார். முளையிலிருந்த கோட்டை எடுத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எங்கே கிளம்பறேள்?" என்றேன். அப்பா எதிரில் அவரோடு பேசியதே அதிகம், அதுவும் கேள்வி.

"துரையைப் பார்க்க. உங்கப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

கோட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். "எங்கப்பாகிட்டே நான் சொல்லிக்கறேன். நீங்க பெல்காச்சியாவுக்குப் போங்கோ, நாழியாறது."

மாமியார், "இவளுக்கு வாய் இருக்கா?" என்றாள். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வண்டி சாயங்காலம். என்னோட வரலையா நீ?"

"வரலை அப்பா."

"ஊர்லே என்ன சொல்லட்டும்?"

"பார்த்ததைச் சொல்லுங்கோ."

அப்பா சாயங்காலம் ஹௌரா ஸ்டேஷனில் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, மணியும் அடித்த பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். என்னை அழைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் அகத்துக்காரரைக் கிட்டே கூப்பிட்டு, "மாப்பிள்ளை, நம்மாத்துச் செவலை மாட்டுக்கு முன்னங்கால் முட்டியிலே வீக்கம் வந்து வந்து போறது. என்ன பண்ணலாம்கறேள்?" என்றார். வண்டி நகர ஆரம்பித்த பிறகும் இவர் கூடவே நடந்து சொல்லிக்கொண்டு போனார். அப்பாவும் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆபீசர் வீட்டுப் பெண்டுகள் நவராத்திரிக்கும் துர்கா பூஜோவுக்கும் வந்த இடத்தில், "உங்காத்திலே அவருக்கு என்ன உத்தியோகம்?" என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். மாட்டு டாக்டர் என்று சொல்லும்போதெல்லாம், அந்த வேலையை அவர் மட்டுமல்ல நானும் சேர்ந்துதான் தேர்ந்தெடுத்தேன் என்ற நினைப்பில் என் குரல் இன்றைக்கும் கொஞ்சம் உயர்ந்துதான் போகிறது.