பென்சில் கீழே இருந்தபோது சொன்னது

என் அக்கா வாயில்லாப்பூச்சி. சின்ன வயதிலிருந்தே அவளுக்கும் சேர்த்து நான்தான் பேசுவேன். இதையும் அவள் சொல்லமாட்டாள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

அவள் சுருக்கெழுத்தாளர். நாடு விடுதலையாகி, அரசியல் சட்டம் எழுத ஒரு சபை கூடியபோது, அதன் குழு அறையில் பேசுவதை எழுதியெடுக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. நீளமான மேஜை. ஒரு பக்கம் கடலோர மாகாணத்துக்காரர்கள், எதிர்ப்பக்கம் மலை மாகாணத்துக்காரர்கள், நடுவில் தலைவர். ஜன்னலோரம் அக்காவுக்கு ஒரு முக்காலி. முதுகு ஒடிகிறது என்று அவள் எத்தனையோ முறை கேட்டபின்தான் நாற்காலி வந்தது. நாட்டுக்கே சட்டம் எழுதுகிறவர்கள் அல்லவா, ஒரு நாற்காலிக்கும் தனியாகக் குழு போட்டிருப்பார்கள்.

அந்த அறையில் ஒரு வழக்கம் இருந்தது. பேச்சு முற்றி, இனி ஓர் அங்குலம்கூட நகராது என்று ஆனதும் தலைவர் மேஜையை விரலால் தட்டுவார். அக்கா உடனே பென்சிலைக் கீழே வைத்துவிட வேண்டும். அதன்பிறகு பேசுவது எதுவும் குறிப்பில் ஏறாது. கேட்டவர்கள் வெளியே மூச்சுவிடக் கூடாது. அதுவரை தொண்டை கிழியக் கத்தியவர்கள், பென்சில் இறங்கியதும் டீயை உறிஞ்சியபடி, இதை நீ விடு, அதை நான் விடுகிறேன் என்று சாதாரணமாகப் பேசுவார்களாம். அதனால் அங்கே வேலை பார்த்த சுருக்கெழுத்தாளர்கள் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. பென்சில் கையில் இருக்கும்போது சொல்வது ஊருக்காக. கீழே இருக்கும்போது சொல்வதுதான் நிஜம். அக்காவுக்கு அது வேதவாக்கு.

அக்காவுக்கு ஒரே மகள். சிட்டு என்று கூப்பிடுவோம். அத்தான் வெளிநாட்டுக்காரர். துறைமுகம் கட்ட வந்த பொறியாளர், வந்த இடத்தில் அக்காவைக் கட்டிக்கொண்டார். சிட்டு கைக்குழந்தையாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். சிட்டு பிறந்தது இங்கே, படித்தது இங்கே, எங்கள் எல்லோரையும் ஆட்டிப்படைத்ததும் இங்கேதான்.

குடியுரிமைப் பிரிவின் முதல் வரைவில், தகப்பனோ தாயோ இந்நாட்டவராக இருந்தால் பிள்ளையும் இந்நாட்டவர் என்று இருந்தது. மலைக்காரர்கள் மறுத்தார்கள். குடிமக்கள் தொகையை வைத்துத்தான் ஒவ்வொரு மாகாணத்துக்கும் நாடாளுமன்றத்தில் இடங்கள். துறைமுகப் பெண்கள் அந்நியர்களைக் கட்டிக்கொண்டு பெற்றுத்தள்ளினால் எங்கள் கதி என்ன என்று கேட்டார்கள். தலைவர் மேஜையைத் தட்டினார். அக்கா பென்சிலை வைத்தாள். அதுவரை தலைநகரத்தைக் கேட்டுவந்த மலைக்காரர்கள், அது கடலோரத்திலேயே இருக்கட்டும் என்று இறங்கிவந்தார்கள். பதிலுக்குக் கடலோரத்துக்காரர்கள் தாயை விட்டுக்கொடுத்தார்கள்; பிரிவில் தகப்பன் மட்டும் மிஞ்சினான். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

அன்றுதான் அக்கா வாயைத் திறந்தாள். நாற்காலியிலிருந்து எழுந்து, “ஐயா, என் பொண்ணோட அப்பா வெளிநாட்டுக்காரர். அவ இனிமே யாரு?” என்று கேட்டாள்.

தலைவர் கெட்டவர் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருப்பேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டதாம்.

“இப்போ இதைப் பிடிச்சு இழுத்தா மொத்தமும் அவிழ்ந்துடும்மா. திருத்துறதுக்குன்னே ஒரு பிரிவு வைக்கப்போறோம். முதல் திருத்தமே உன் பொண்ணுக்காகத்தான். இது என் வாக்கு.”

மலைக்காரர்களில் மூத்தவரும் தலையாட்டினார்.

திருத்தப் பிரிவும் வந்தது. பேரம் பேசி வாங்கியதை நாளைக்கே பறித்துவிடுவார்களோ என்று இரண்டு பக்கமும் பயந்தார்கள். அதனால் நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதற்குமேல் மாகாணங்களில் முக்கால்வாசி சம்மதிக்க வேண்டும் என்று வைத்தார்கள். மலை மாகாணங்கள் மட்டும் முறைத்துக்கொண்டால் போதும், எதுவும் நகராது. கதவை வைத்து ஆனைப்பூட்டையும் மாட்டியாயிற்று. அதையும் அக்காதான் எழுதினாள். எழுதும்போது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்து ஒவ்வொரு மாகாண அவையும் ஒப்புதல் தர வேண்டும். எங்கள் மாகாணம்தான் கடைசி. துறைமுகத் தெருக்களில் அக்காவைப் போல எத்தனையோ பெண்கள். முதலில் தாயைச் சேருங்கள், பிறகு ஒப்புதல் என்று அவைக் கட்டடத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். உறுப்பினர்களும் ஆடிப்போயிருந்தார்கள். அக்கா அந்தப் பெண்களிடம் போனாள். வாக்கைப் பற்றிச் சொல்லக் கூடாது, பென்சில் கீழே இருந்தபோது கேட்டது. அதனால் இவ்வளவுதான் சொன்னாள்: “ஒப்புதல் ஆகட்டும். அப்புறம் சரியாயிடும், எனக்குத் தெரியும். எனக்கும் ஒரு பொண்ணு இருக்கால்ல.”

அவளை நம்பி எழுந்து போனார்கள். மயிரிழையில் ஒப்புதல் ஆனது.

சிட்டு நர்ஸ் படிப்பு முடித்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்நாட்டவருக்குத்தான் வேலை என்றார்கள். தங்குவதற்கே வருஷா வருஷம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. தன் வீட்டில் தூங்க ஒரு குமாஸ்தாவின் முத்திரைக்காகக் காத்திருந்தாள் என் சிட்டு. கடைசியில் ஒரு வழியாகத் திருத்தம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. சட்டம் செய்தவர்கள் யோசித்துத்தான் தாயை எடுத்தார்கள், பிறகு சேர்ப்பதாகக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை என்று எதிர்த்தவர்கள் அடித்துப் பேசினார்கள். அன்றைக்குத் தலையாட்டிய மலை மூத்தவர் இறந்துபோயிருந்தார். பழைய தலைவர் அப்போது நாட்டிலேயே பெரிய பதவியில் இருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் மலைக்காரர்கள் கேட்பார்கள். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நடந்தது எல்லாவற்றையும் போகும் வழியில்தான் எனக்கே சொன்னாள்.

அவர் எழுந்து வந்து அக்காவை உட்காரவைத்தார். அன்றைக்குச் சொன்னதை நாடாளுமன்றத்தில் ஒரு தடவை சொல்லுங்கள் என்று அக்கா கேட்டாள். அவர் டீ கொண்டுவரச் சொன்னார்.

“அன்னைக்குப் பென்சில் கீழே இருந்துச்சேம்மா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்ததும், பத்திரிகைக்காரர்களிடம் போவோம், நீயே சொல் என்று படிக்கட்டிலேயே கத்தினேன்.

“நான் சொன்னா, இனிமே எந்த ரூம்லயும் யாரும் இறங்கி வந்து பேச மாட்டாங்கடி” என்றாள்.

திருத்தம் தோற்றது. துறைமுகத்துப் பெண்கள் அக்காவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அடுத்த வருஷம் சிட்டுவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. தான் பார்த்தேயிராத அப்பாவின் நாட்டுக்குக் கப்பலேறினாள். நடந்ததை அவளிடம் நான் சொல்லியிருந்தேன். ஏறும்முன் அவள் அம்மாவிடம் கேட்டது ஒன்றுதான்: “எனக்காக ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?” அக்காவின் நெஞ்சு அன்றைக்கே உடைந்துவிட்டது. அதன்பிறகு சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள், அவ்வளவுதான்.

போன மாதம் திருத்தம் நிறைவேறியது. மலை மாகாணங்களில் புதுத் தலைமுறை வந்துவிட்டது. இங்கே பிறந்து, தாய் இந்நாட்டவராக இருந்தால் போதும். அக்கா என்னிடம் போனைக் கொடுத்து நம்பரைப் போடச் சொன்னாள்.

“சிட்டு, நீ இப்போ இங்கத்தவ. கிளம்பி வந்துடும்மா.”

சிட்டுவுக்கு அங்கே இரண்டு பிள்ளைகள். அங்கே பிறந்தவர்கள், அதனால் இந்தத் திருத்தம் அவர்களுக்குப் பொருந்தாது. அது அக்காவுக்கும் தெரியும்.

“பசங்களுக்கும் சரி பண்ணிடுவாங்கம்மா. அதான் திருத்துறதுக்கு வழி இருக்கே” என்றாள், எழுபது வயதில்.

“அதுவரைக்கும் அதுங்களை எங்கே விடுறதும்மா?” என்றாள் சிட்டு. அவள் குரலில் கோபமே இல்லை. “நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் இருந்தது போதும். என் பிள்ளைங்களுக்கும் அது வேணாம். நான் வரலை.”

அக்கா சரிம்மா என்று போனை வைத்தாள். கொஞ்சநேரம் கழித்து, சாப்பிட்டாளா என்று கேட்க மறந்துவிட்டேன், மறுபடி போட்டுக் கொடு என்றாள். போட்டுக் கொடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா போனைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை.