வேண்டாம் அக்கா

அந்தத் தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைகள் நான்கு. மூன்று கடைக்காரர்களை அவரவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். நான்காவது கடைக்காரிக்கு மட்டும் 'வேண்டாம் அக்கா' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அப்பா அம்மா வைத்த பெயர் என்ன என்று கேட்டால், பத்து வருஷமாகப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவரே தலையைச் சொறிவார்.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. "அக்கா, மெஷின் ரொம்ப ஸ்லோவா இருக்கு, ரேம் கூட்டிடலாமா? புது கார்டு ஏதாவது போடலாமா?" என்று யார் வந்து கேட்டாலும், பத்தில் எட்டுப் பேருக்கு அவர் சொல்லும் பதில் "வேண்டாம்". வந்த ஆளின் தலையில் எதையாவது கட்டி அனுப்பினால்தானே கடை ஓடும்? இவரோ சிபியூவைத் திறந்து, ஊதுகுழாயால் தூசியை ஊதி, தேவையில்லாத நாலு சாஃப்ட்வேரைத் தூக்கிவிட்டு, "இது போதும், போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார்.

இது சும்மா வந்த குணமில்லை. கடை போடுவதற்கு முன் பதினோரு வருஷம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். அங்கே மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களையெல்லாம் கழற்றி லாரியில் ஏற்றிவிட்டுப் புதிதாக வாங்குவார்கள். ஏன் என்று கேட்டால், "மூணு வருஷம் ஆச்சுல்ல" என்பார்கள். அதற்கு மேல் பதில் கிடையாது. மூன்றாவது லாரி கிளம்பிய அன்று அக்காவுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில்தான் வேலையை விட்டார் என்று அவரே சொல்வார்.

அவருடைய வைத்தியத்துக்கு ஒரு முறை உண்டு. மெஷினைத் திறப்பதற்கு முன்னால், கொண்டு வந்த ஆளைத் தன் நாற்காலியை விட நல்ல நாற்காலியில் உட்கார வைப்பார். "வழக்கமா என்ன வேலை செய்வீங்களோ, அதை அரை மணி நேரம் செய்யுங்க. நான் இல்லைன்னு நெனச்சுக்கங்க." பிறகு பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, மெஷின் எங்கே மூச்சு வாங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். கதை எழுதும் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், கம்ப்யூட்டர் கேம் விளையாடுகிறவர்கள் போடும் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்று பிடிவாதமாக வந்தார். அரை மணி முடிந்ததும் அக்கா நிதானமாகக் கேட்டார். "ஐயா, எழுத்தெல்லாம் எந்திரிச்சு ஓடணுமா?" தபால்காரர் அசடு வழியச் சிரித்துவிட்டு, மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார்.

அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். "நான் கை வெச்சா ஆளுங்க மேல போறாங்க. நீ கை வெச்சா வந்த வழியே வீட்டுக்குப் போறாங்க" என்று கிண்டல் செய்வார். அக்காவுக்கு அது திட்டாகப் படாது. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். அந்தப் பெருமைதான் ஒருநாள் காலை வாரியது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சிபியூவைக் குளியல் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். ஸ்டூடியோக்காரர்கள் எடுக்கும் படங்களை வாங்கி, வீட்டிலிருந்தே ஆல்பம் வடிவமைத்துக் கொடுப்பவர். அவருக்கு வேலை தருவது ஒரே ஒரு ஸ்டூடியோ. அந்த முதலாளி இப்போது கறாராகச் சொல்லிவிட்டாராம்: இனி ஒரு ஆல்பத்துக்கு மூன்று நாள், அதற்கு மேல் இழுத்தால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று.

"முதலாளி சொல்றாரு, போர்டு, ப்ராசஸர், கார்டு எல்லாத்தையும் மாத்துன்னு. மாத்தினா பிரயோஜனம் இருக்குமாக்கா?"

"அதைப் பார்த்துட்டுச் சொல்றேன் தம்பி. உட்காருங்க. வேலை ஏதாவது எடுத்துட்டு வந்திருக்கீங்களா?"

ஆல்பக்காரர் ஒரு கணம் தயங்கிவிட்டு, ஒரு பிறந்தநாள் ஆல்பத்தைத் திறந்தார். பக்கம் பக்கமாகப் படங்களை வைத்தார், நிறத்தைச் சரி செய்தார், ஓரத்தை வெட்டினார். கை நல்ல கை. மெஷினும் முணுமுணுக்காமல் ஓடியது. மெமரி பாதிகூட நிரம்பவில்லை. அரை மணி ஆகும் முன்பே அக்காவின் வாய் துறுதுறுக்க ஆரம்பித்துவிட்டது.

"வேண்டாம் தம்பி. ஒண்ணுமே மாத்த வேண்டாம்."

"நிச்சயமாவாக்கா?"

"நிச்சயமா. தூசி தட்டித் தரேன். எடுத்துட்டுப் போய் வேலையைப் பாருங்க."

அந்த மனிதர் விட்ட பெருமூச்சு கடை முழுக்கக் கேட்டது. இவ்வளவு நிம்மதிப்படுகிறாரே என்று அக்கா மனம் குளிர்ந்து போனார். எதற்கு அவ்வளவு நிம்மதி என்று யோசிக்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லி இரண்டு மடங்கு பெருமைப்பட்டுக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, கடை திறந்த கையோடு ஒரு பெண் வந்து நின்றாள். ஆல்பக்காரரின் மனைவி. ஒரு மருந்துக்கடையில் கவுண்டரில் நிற்பவள்.

"அக்கா, அந்த மெஷினை வித்தா யாராவது வாங்குவாங்களா?"

"ஏம்மா, என்ன ஆச்சு?"

அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள். அக்காவின் பேச்சை நம்பி வீட்டுக்குப் போனவர் அடுத்து எடுத்தது ஒரு கல்யாண ஆல்பம். எண்பது பக்கம், நானூறு படம். திறந்தாலே மெஷின் உறைந்துவிடுகிறது. ஒரு பக்கம் திருப்பினால் போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். மூன்று நாளில் தர வேண்டியதை ஒன்பது நாளில் கொடுத்தார். முதலாளி அடுத்த மூன்று ஆல்பங்களை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். கடைசியாக ஒன்று மட்டும் கையில் இருக்கிறது, அதுவும் கல்யாண ஆல்பம். திங்கட்கிழமைக்குள் தராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"பொட்டி கட்டுற கம்பெனியில வேலை கேட்டுட்டு வந்திருக்காரு. பதினஞ்சு வருஷமா இதைத்தான் செய்யறாரு அக்கா. நான் நர்ஸிங் படிக்கச் சேர்த்து வெச்ச பணம் இருக்கு, அதை எடுத்து மெஷினை மாத்துங்கன்னு அன்னைக்கே சொன்னேன். அக்காவே வேண்டாம்னுட்டாங்கன்னு வந்து நின்னாரு. இப்பவும் உங்களை ஒரு வார்த்தை குத்தம் சொல்லலை. எனக்கு அதுதான் எரிச்சலா இருக்கு."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. இருபது வருஷம் கம்ப்யூட்டரோடு குப்பை கொட்டியவருக்கு, நானூறு படம் என்று கேட்டதுமே விஷயம் விளங்கிவிட்டது. கல்யாண ஆல்பம் செய்கிறவரிடம் பிறந்தநாள் ஆல்பத்தைப் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. இருப்பதிலேயே பெரிய வேலையைத் திறங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லும் அவசரம். வெட்கமாக இருந்தது அவருக்கு, வெட்கத்தோடு பயமாகவும் இருந்தது.

"தப்பு என்னுதும்மா. வா, வீட்டுக்குப் போலாம்" என்று ஷட்டரை இறக்கினார். வேலை நாளில் அந்தக் கடையின் ஷட்டர் இறங்கி ஜெராக்ஸ் கடைக்காரர் பார்த்ததில்லை.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. சோபாவுக்கும் துணி காயப்போடும் கம்பிக்கும் நடுவே மேசை. ஆல்பக்காரர் திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அக்காவைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"எந்திரிக்காதீங்க தம்பி. அந்தக் கல்யாணத்தைத் திறங்க. எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்யுங்க."

திறந்தார். ஆல்பம் ஒருபக்கம், நானூறு படங்களின் சிறு வடிவங்கள் மறுபக்கம், முதலாளி அனுப்பிய மாதிரிப் பக்கங்கள் இன்னொரு பக்கம். எல்லாம் ஒரே நேரத்தில் திறந்திருந்தால்தான் இவருக்கு வேலை ஓடும். மெமரி நிரம்பி வழிந்தது. வழிந்ததையெல்லாம் மெஷின் பழைய ஹார்டு டிஸ்க்கில் எழுதுவதும் திரும்பப் படிப்பதுமாகத் திணறிக்கொண்டிருந்தது. டிஸ்க் கறகறவென்று அரைக்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அக்கா அரை மணி காத்திருக்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் எழுந்துவிட்டார்.

"போர்டு மாத்த வேண்டியதில்லை. ப்ராசஸர் நல்லாத்தான் இருக்கு, கார்டும் வேண்டாம். ரேம் இன்னொரு மடங்கு, பழைய டிஸ்க்குக்குப் பதிலா வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் ஒண்ணு. அவ்வளவுதான். உங்க முதலாளி சொன்ன செலவுல கால்வாசிகூட ஆகாது."

"கால்வாசியா?" என்றார் ஆல்பக்காரர். ஏதோ கெட்ட செய்தி கேட்டதைப் போல அவர் முகம் சுருங்கியது.

அக்கா கடைக்குப் போய்ப் பாகங்களை எடுத்து வந்தார். மத்தியானம் முழுக்க, பழைய டிஸ்க்கிலிருந்த பதினைந்து வருஷ வேலையைப் புதியதற்கு மாற்றினார். ஆல்பக்காரரின் மனைவி மருந்துக்கடைக்கு லீவு சொல்லிவிட்டு டீ போட்டுப் போட்டுக் கொடுத்தாள். நாலு மணிக்கு மூடியைத் திருகிவிட்டு, "இப்பத் திறங்க" என்றார் அக்கா.

கல்யாணம் திறந்தது. ஆல்பக்காரர் ஒரு பக்கம் திருப்பினார். உடனே திரும்பியது. இன்னொன்று. இன்னொன்று. பத்துப் பன்னிரண்டு பக்கம் கையை எடுக்காமல் திருப்பிக்கொண்டே போனார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. மறைக்கத் தெரியாமல் மூக்கை உறிஞ்சினார்.

அக்கா ஸ்குரூ டிரைவரைப் பைக்குள் வைத்துக்கொண்டே, கோபமில்லாமல் கேட்டார். "தம்பி, நான் கேட்காதது என் தப்புதான். ஆனா நீங்க அதிகமா செய்யறது கல்யாண ஆல்பம்தானே, அன்னைக்கு ஏன் அந்தப் பிறந்தநாளைத் திறந்தீங்க?"

ஆல்பக்காரர் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார். மௌஸைத் தேவையில்லாமல் நகர்த்திக்கொண்டிருந்தார்.

"நீங்க வேண்டாம்னு சொல்லணும்னுதான்" என்றார் கடைசியில். "மத்த கடைக்குப் போயிருந்தா எல்லாத்தையும் மாத்துன்னு சொல்லியிருப்பாங்க. மொத்தத்தையும் மாத்தணும்னா இவ படிப்புப் பணம் போயிடும். ரெண்டு வருஷமா சேர்த்து வெச்சிருக்கா. நானா வேண்டாம்னு சொன்னா இவ கேட்க மாட்டா. உங்க வாயால வந்தா கேட்பான்னு... லேசான வேலையாப் பார்த்துத் திறந்தேன்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. வேண்டாம் என்று சொல்லத் துடித்துக்கொண்டிருந்த வாய் தன்னுடையது. அதைத் தேடி வந்த ஆள் இவர். நடுவில் மெஷினை யாருமே பார்க்கவில்லை. உள்ளதை உள்ளபடி திறந்து காட்டியிருந்தால், அன்றைக்கே கால்வாசிச் செலவில் முடிந்திருக்கும். போன மூன்று ஆல்பங்களும் போயிருக்காது.

சமையலறை வாசலில் டீ டம்ளரோடு மனைவி நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அவள் கத்துவாள் என்று அக்கா நினைத்தார். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"எனக்காகன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க" என்றாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா நீ பணத்தை எடுத்துக் கொடுத்திருப்ப."

"கொடுத்திருப்பேன். அது என் பணம். கொடுக்கிறதும் கொடுக்காததும் நான் முடிவு பண்ண வேண்டியது. மூணு வாரமா நீங்க இந்த நாற்காலியில வெந்துக்கிட்டு இருக்கீங்க, நான் பக்கத்து ரூம்ல படுத்துக்கிட்டு, என்னவோ ஏதோன்னு பயந்துக்கிட்டு இருக்கேன். அடுத்த தடவை எனக்காக எதையாவது விட்டுக்கொடுக்கிறதா இருந்தா, என்னைக் கேட்டுட்டு விட்டுக்கொடுங்க."

டம்ளரை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். புருஷன் பெண்டாட்டி நடுவே மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருப்பது தேளை மடியில் வைத்திருப்பது மாதிரி இருந்தது அக்காவுக்கு. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பாகங்களுக்கு மட்டும் விலை சொன்னார், கூலி வாங்கவில்லை. ஆல்பக்காரர் வற்புறுத்தியதற்கு, "நான் முதல்ல சொன்னது தப்பான வைத்தியம். அதுக்குக் கூலி கிடையாது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

சனியும் ஞாயிறும் அக்கா போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்ட வீட்டுக்காரர் முதல் தடவையாகக் கிண்டல் செய்யவில்லை. அதுவே பெரிய தண்டனையாக இருந்தது.

திங்கட்கிழமை பதினொன்றரைக்குப் போன் அடித்தது. ஆல்பக்காரரின் மனைவி.

"கொடுத்தாச்சுக்கா. நேத்து சாயங்காலமே முடிச்சிட்டாரு. காலையில ஸ்டூடியோ திறக்கும்போதே கொண்டுபோய்க் கொடுத்துட்டாரு."

"முதலாளி என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலையாம். எல்லாப் பக்கத்தையும் திருப்பிப் பார்த்துட்டு, அடுத்த ஆல்பத்தை எடுத்துக் கையில குடுத்தாராம். மத்த மூணு போனது போனதுதான்."

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டார். அதுவரை தோள் இரண்டும் எவ்வளவு இறுகிப் போயிருந்தன என்று அப்போதுதான் தெரிந்தது.

"எங்க அவரு? ஒரு வார்த்தை பேசட்டும்."

"இல்லைக்கா, வெளியில போயிருக்காரு. நர்ஸிங் சேர இன்னைக்குத்தான் கடைசி நாள். எனக்கு மருந்துக்கடையில லீவு கிடைக்கலை. என் விண்ணப்பத்தை எடுத்துக்கிட்டு வரிசையில நிக்கிறாரு."

"அவராவே கிளம்பிட்டாரா?"

"இல்லை" என்றாள் அவள். சொல்லும்போதே சிரித்துவிட்டாள். "ஷூவெல்லாம் போட்டுக்கிட்டு, விண்ணப்பத்தைக் கையில வெச்சுக்கிட்டு, வாசல்லயே நின்னாரு. நான் போகட்டுமான்னு என்னைக் கேட்டாரு."