பதினேழாம் எண் குழாய்

ஆய்வு மாணவியாகத் தஞ்சாவூரில் சேர்ந்தபோது எனக்கு இருபத்திமூன்று வயது. எண்பதுகளின் கடைசி. நோய் நொடியில்லாதவர்களின் ரத்தத்தில் எதிர்ப்பு அணுக்கள் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று பார்ப்பதுதான் என் வேலை. வெள்ளணுக்களில் லிம்போசைட் என்று ஒரு வகை. அதற்குள் டி செல், பி செல் என்று இரண்டு பிரிவு. சாதாரண மைக்ராஸ்கோப்பில் இரண்டும் ஒரே மாதிரி உருண்டை. மேற்பரப்பில் உள்ள புரதம்தான் வேறு. டி செல்லின் புரதத்தில் மட்டும் ஒட்டும் ஒரு ஆன்டிபாடியில் பச்சைச் சாயம் ஏற்றி, அணுக்களோடு கலந்து, இருட்டறையில் வைத்துப் பார்ப்போம். டி செல்கள் பச்சையாக மின்னும். பி செல்லுக்கு வேறொரு ஆன்டிபாடி. மின்னுவது எத்தனை, மின்னாதது எத்தனை என்று கண் எரிய எரிய எண்ண வேண்டும்.

ரத்தம் கொடுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. ஹாஸ்டல் தோழிகள் ஊசி என்றதும் நழுவினார்கள். எனக்குச் சுலபமான வழி ஒன்று தோன்றியது. வலங்கைமான் பக்கம் எங்களுக்கு நிலம் இருந்தது. அதில் வேலை செய்கிறவர்கள் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். அவர்களால் அப்படிச் சொல்ல முடியாது என்பதை அன்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

ஓர் ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் தெருவுக்குப் போய் இருபது பேரிடம் ரத்தம் எடுத்தேன். பதினேழாவதாகக் கை நீட்டியவர் எங்கள் நடவுக்கு ஆள் சேர்த்து வருகிற பெண். என் அம்மா வயது இருக்கும். ஆனாலும் நான் அவரை 'நீ' என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். அவருடைய கணவர் எங்கள் நிலத்தில் ஐந்து மா, ஏறக்குறைய ஒன்றேமுக்கால் ஏக்கர், குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார்.

"பாப்பா, கொஞ்ச நாளா நாத்துக்கட்டு தூக்குனா மூச்சு வாங்குது. இதுல ஏதாவது தெரியுங்களா?" என்று கேட்டார்.

"ஏதாவது இருந்தா வந்து சொல்றேன்" என்றேன்.

இரண்டு நாள் கழித்து பதினேழாம் எண் குழாயைப் பார்த்தேன். சாதாரணமாக டி செல்தான் அதிகம் இருக்கும். ஆனால் இதில் டி செல் ஆன்டிபாடி போட்ட ஸ்லைடில் பச்சை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. பி செல் ஸ்லைடில் எங்கு பார்த்தாலும் பச்சை. குழாயை மாற்றிவிட்டேனோ என்று மறுபடியும் சாயம் போட்டேன். அதே கதைதான். என் முதல் கவலை, ஒரு சாம்பிள் வீணாகிவிட்டதே என்பதுதான். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

என் பேராசிரியர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இது ரத்தப் புற்றுநோயா இருக்கலாம்மா. மெதுவா வளர்ற வகை. உன் ஆய்வுல இதைச் சேர்க்காதே. ஆனா அந்த அம்மாவை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லு. இந்த வாரமே" என்றார்.

சரி சார் என்றேன். சனிக்கிழமை ஊருக்கும் போனேன்.

வீட்டில் அப்பா கொதித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் கணவர் விவசாயிகள் சங்கத்தில் சேர்ந்து, தன்னைக் குத்தகைதாரராகப் பதிவுசெய்யச் சொல்லி மனு தாக்கல் செய்திருந்தார். பதிவாகிவிட்டால் அவரை நிலத்திலிருந்து வெளியேற்றுவது நடக்காத காரியம். நான் விஷயத்தைச் சொன்னதும் அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப நீ போய் உனக்குப் பெரிய வியாதின்னு சொன்னா என்ன பேசுவாங்க தெரியுமா? கேஸ் போட்டதுக்கு மிரட்டுறாங்கன்னு பேசுவாங்க. அந்தத் தெருவுக்கு நீ போகக் கூடாது."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றியது. உண்மையில், எனக்கு அது சௌகரியமாக இருந்தது. எங்கள் சோற்றைத் தின்றுவிட்டு எங்கள் மீதே கேஸா என்ற கோபம் எனக்கும் இருந்தது. யார் சோற்றை யார் தின்றது என்று யோசிக்கிற புத்தி இல்லை. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று பஸ் ஏறினேன். அடுத்த வாரம் ஊருக்குப் போகவில்லை. ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கலாம். அதுவும் செய்யவில்லை. "சொல்லிட்டியா?" என்று பேராசிரியர் கேட்டபோது, "சொல்லிட்டேன் சார்" என்றேன்.

பங்குனியில் ஒருநாள் காலை, வேறு வேலையாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெளிநோயாளிகள் வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். கழுத்தின் இரண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவில் கட்டிகள். கை மெலிந்து வளையல் முழங்கை வரை ஏறியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்க" என்றேன்.

"பாருங்க பாப்பா, எப்புடி ஆயிட்டேன்! முன்னாடியே வந்திருப்பேன். நீங்கதான் ஏதாவது இருந்தா சொல்றேன்னு சொன்னீங்களே. ஒண்ணும் சொல்லல. அப்ப ரத்தம் நல்லாத்தான் இருக்கு, அசதிதான்னு இருந்துட்டேன்."

அவர் சீட்டை வாங்கிக்கொண்டு ஓடினேன். தெரிந்த டாக்டரைப் பிடித்து அன்றே வார்டில் சேர்த்தேன். கூட வந்திருந்த அவர் கணவர் என்னைக் கும்பிட்டார். அதைத் தாங்க முடியாமல் வராந்தாவில் வைத்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"ஆவணியில."

"அதுக்கப்புறம் அவ நடவு நட்டா. களை எடுத்தா. தையில அறுப்பும் அறுத்தா" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "அவகிட்ட சொல்லிடாதீங்க. உங்கள நல்ல பொண்ணுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. இந்த நேரத்துல அது வேற எதுக்கு?"

இந்த வகைப் புற்றுநோயில் முன்கூட்டியே வந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்று டாக்டர் ஒருமுறை சொன்னார். அந்த வாக்கியத்தைப் பல வருஷம் பிடித்துக்கொண்டு தொங்கினேன். ஆனால் அந்த ஆறேழு மாதம் அவர் சேற்றில் குனிந்து நிற்காமலாவது இருந்திருப்பார். அதற்கு எந்த டாக்டரும் எனக்கு ஆறுதல் சொல்ல முடியாது.

அவர் மூன்று வருஷம் இருந்தார். மருந்துக்கு வரும்போதெல்லாம் வார்டில் இருப்பவர்களிடம், "இந்தப் பாப்பாதான் என்னை இங்க சேத்துச்சு" என்பார். நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

வழக்கு என்ன ஆயிற்று என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வாய்தா தேதிகளில் அந்த மனிதர் மனைவியோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆஜராகவில்லை என்று மனு தள்ளுபடியானது. அடுத்த சாகுபடிக்கு அப்பா வேறு ஆளை நிலத்தில் இறக்கினார்.

அப்பா இறந்த பிறகு பாகம் பிரித்ததில் அந்த ஐந்து மா என் பங்காக வந்தது. அந்தப் பெண்ணின் கணவரைத் தேடிப்போய், நிலத்தைத் திரும்பச் செய்யச் சொல்லிக் கேட்டேன். திருப்பூரிலிருந்து வந்திருந்த மகன் பக்கத்தில் நின்றான். "இனிமே முடியாதுங்க. நான் இவன்கூடப் போறேன்" என்றார். அவர் பெயருக்கே எழுதிவைக்கிறேன் என்று சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லாமல் திரும்பினேன்.

பட்டா இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. வேறொருவர் குத்தகைக்குச் செய்கிறார். தை முடிந்ததும் நெல் வருகிறது. அரைத்து, அதைத்தான் சாப்பிடுகிறேன்.