தாலி கட்டுவதற்கு முந்தைய சில நொடிகள்

அண்ணன் கல்யாண வீடியோவை வாங்கிவரும் வேலை என் தலையில் விழுந்தது. வீடியோ எடுத்தவரின் கடை பிரிக்ஃபீல்ட்ஸில், என் அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. வேலை முடிந்ததும் வாங்கிக்கொண்டு, ரயிலேறிக் கிள்ளானில் இருக்கும் வீட்டுக்கு வந்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன்.

தாலி கட்டுவதற்குச் சற்று முன்னால், அந்தப் புண்ணியவான் கேமராவை மணவறையிலிருந்து கூட்டத்தின் பக்கம் திருப்பியிருந்தார். திரும்பிய இடத்தில் நான் நின்றேன். எனக்குப் பின்னால் அவன் நின்றான்.

அவன் என் அலுவலகத்தில் வேலை செய்பவன். ஒரு வருஷத்துக்கு மேலாக நாங்கள் காதலிப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு 'ஆபீஸ் ஆளுங்க' கூட்டத்தில் ஒருவனாகத்தான் வந்திருந்தான். வந்தவன் சும்மா நின்றிருக்கக் கூடாதா? என் கைப்பை அவன் தோளில் தொங்குகிறது. சரிந்துவிட்ட என் மல்லிகைச் சரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, பல்லில் கடித்திருந்த ஹேர்பின்னை எடுத்துப் பதமாகக் குத்துகிறான். நானோ அட்சதைத் தட்டைப் பிடித்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், அவன் வசதிக்குத் தலையைச் சாய்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இதைப் பார்த்துவிட்டு ஆபீஸ் பழக்கம் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளைப் போட்டேன். கூடவே சிரிப்பும் வந்தது. அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பின்னைக் கடித்தபடி அவன் முகத்தில் அப்படியொரு அக்கறை!

ஆனால் அப்பா பார்த்தால் கதை கந்தல். அவர் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அதிகம் பேச மாட்டார். மறுவாரம் சுபாங் ஜெயாவிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடாகியிருந்தது. அதற்குள் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். தினமும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

அவர் கேட்டது தாலி கட்டும் பகுதி மட்டும்தான். "கிளியர் கொறையக் கூடாது மா. புது டிவில போட்டுப் பாக்கணும்" என்றார். சாதாரணமாக ஒரு வீடியோவை வெட்டினால், மென்பொருள் அதை முழுக்கப் பிரித்து மறுபடியும் சுருக்கிக் கட்டும். நேரமும் ஆகும், படமும் கொஞ்சம் மங்கும். தரம் துளியும் குறையாமல், உள்ளே இருப்பதைத் தொடாமல், இருந்தபடியே நறுக்கித் தரும் இலவச மென்பொருள் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். கேமரா மணவறைக்குத் திரும்பும் நொடியில் கச்சிதமாகக் குறி வைத்தேன். கண் சிமிட்டுவதற்குள் வெட்டி முடித்துவிட்டது. போட்டுப் பார்த்தேன். நேராக மணவறையில்தான் தொடங்கியது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு, கோப்பைப் பென் டிரைவில் ஏற்றினேன்.

ஞாயிறு மதியம் கூடத்தில் அப்பாவும் அண்ணனும் அண்ணியும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா சமையலறையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். பென் டிரைவைச் செருகினேன். டிவி முழுக்க என் தலை தெரிந்தது. பின்னால் அவன், வாயில் பின்.

"அலாமாக்!" என்று மலாயில் ஐயோ போட்டான் அண்ணன்.

என்ன நடந்தது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். வீடியோவில் ஓடும் ஆயிரக்கணக்கான படங்களில் முழுப் படம் என்பது இடைவெளி விட்டுத்தான் வரும். நடுவில் இருப்பவை, முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்ற விவரம் மட்டுமே. தொடாமல் நறுக்குவது என்றால், ஒரு முழுப் படத்திலிருந்துதான் தொடங்க முடியும். அதனால் மென்பொருள் என் குறியிலிருந்து பின்னோக்கிப் போய், முந்தைய முழுப் படத்தில் கத்தியை வைத்திருக்கிறது. 'இந்த நொடிகளைக் காட்டாதே' என்று கோப்புக்குள் ஒரு குறிப்பையும் போட்டிருக்கிறது. என் மடிக்கணினி அந்தக் குறிப்பை மதித்தது. எங்கள் டிவி மதிக்கவில்லை.

தரமாவது கொஞ்சம் குறைந்திருக்கக் கூடாதா? பின்னின் வளைவுகூடத் தெரிந்தது.

"ஆபீஸ்ல இதெல்லாமா சொல்லித் தராங்க?" என்று அண்ணி என் காதைக் கடித்தார். அண்ணன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். திரையில் தாலி கட்டி முடிந்து மேளம் ஓய்ந்தது. அப்பா சிரிக்கவில்லை.

"திருப்பிப் போடு."

போட்டேன். மறுபடியும் பூ, மறுபடியும் பின். அவர் ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கிப் படத்தை அப்படியே நிறுத்தினார். என் காது இரண்டும் சுட்டன. ஒருபக்கம் அழுகை முட்ட, இன்னொரு பக்கம் அந்தப் பின்னைப் பார்த்துச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"யாரு இவன்?"

"கூட வேல செய்றவரு பா." அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? "எனக்கு அவர ரொம்பப் பிடிக்கும் பா. சொல்லணும்னுதான் இருந்தேன். பயமா இருந்துச்சு."

ஒட்டிக்கிடந்த நாக்கு இத்தனை சுலபமாகப் பிரிந்ததில் எனக்கே ஆச்சரியம். அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கம்மாவும் தலையில பூ வெச்சுக்கிட்டுத்தான் இருக்கா" என்றார் மெதுவாக. "இத்தன வருஷத்துல நான் ஒருநாள் கூட வெச்சு விட்டதில்ல."

அவர் சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"அப்பளம் இருக்கட்டும் லா, இங்க வா. சுபாங் ஜெயாக்காரங்கள வர வேணாம்னு சொல்லிடு. மாப்பிள்ளய நான் டிவில பாத்துட்டேன்."