இரண்டு வருஷம் ஓடும் டயர்

காஞ்சிபுரம் வரும்வரை எந்த ஊரிலும் நான் ஒரு வருஷம் முழுசாகத் தங்கியதில்லை. இங்கே பழைய ஆட்டோ ஒன்றை ஓட்டினேன். ஒருநாள் பின் டயர் வழுவழுவென்று தேய்ந்துபோனதால் கடைக்குப் போனேன். மலிவான டயர் சில மாசம்தான் தாங்குமாம். மற்றது இருமடங்கு விலை, இரண்டு வருஷம் ஓடுமாம்.

“மலிவானதே போடுங்கண்ணா. அதுக்குள்ள வேற ஊருக்குப் போயிடுவேன்” என்றேன்.

வண்டியில் செல்வி அக்கா இருந்தார். நடக்க முடியாத அவரைப் பட்டுநூல் சுற்றும் வேலைக்குத் தினமும் நான்தான் கொண்டுபோய் விடுவேன்.

“போறதுன்னா முன்னாடியே சொல்லிடுப்பா. உனக்கு முன்னாடி வந்துக்கினு இருந்தவன் சொல்லாம ஓடிட்டான். ஒரு மாசம் நான் வேலைக்கே போவல” என்றார்.

எந்த ஊரிலும் நான் சொல்லிக்கொண்டு கிளம்பியதில்லை.

“அண்ணா, அந்த இன்னொண்ணையே மாட்டுங்க.”

“இன்னாபா, ஊரு புடிச்சிப்போச்சா?” என்று கடைக்காரர் சிரித்தார்.

பிடித்ததா என்று இன்றும் தெரியவில்லை. அந்த டயர் தேய்ந்து, இப்போது அடுத்தது ஓடுகிறது.