பாட்டுக்கார அண்ணன் செருப்புக் கழற்றிய கதை

எங்கள் பக்கத்தில் இப்போது எந்த மைதானத்தில் மேடை போட்டாலும் அதன் படியடியில் செருப்புகள் கிடக்கும். கிற்றார் வாசிக்கிறவர், ட்ரம்ஸ் அடிக்கிறவர், பாடுகிறவர் எல்லோரும் கோவில் வாசலில் கழற்றுவதுபோலக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் ஏறுவார்கள். வெளியூர்க் குழுக்கள் முதலில் முழிப்பார்கள். யாராவது காதோடு விஷயத்தைச் சொன்னால் அவர்களும் கழற்றிவிடுவார்கள். கூத்துக் களரியில் கால் வைக்க முன்னர் மண்ணைத் தொட்டுக் கும்பிடுகிற ஊர் என்பதால் இது யாருக்கும் புதினமாகப் படவில்லை. "பாட்டுக்கார அண்ணன் தொடக்கின பழக்கம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மையில் அதைத் தொடக்கிவைத்தவள் என் மச்சாள். புளியந்தீவிலிருந்து ஆரையம்பதிக்குப் போகிற பஸ்ஸில், மேல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, ஒரு பொய்யைச் சொல்லித் தொடக்கிவைத்தாள். அந்தப் பொய்க்குக் காரணம் நான். இதைச் சொல்ல எனக்குப் பன்னிரண்டு வருடம் எடுத்தது.

மச்சாள் என் அம்மாவின் அண்ணன் மகள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பள்ளிக்கூடச் சட்டை தைக்கிற கடையொன்றில் வேலை செய்தாள். அங்கே மெஷின் சத்தத்துக்கு மேலால் அவள் கேட்டது முழுவதும் றொக் பாட்டு. புளியந்தீவில் நாலு பேர் சேர்ந்து நடத்திய இசைக்குழுவின் பாட்டுகள். அவர்களுடைய முதல் பாட்டுக்காரர்தான் அந்த அண்ணன். சண்டை நடந்த கெட்ட காலத்தில் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். போனவர் திரும்பவில்லை, இனித் திரும்பவும் மாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவருடைய குரல் எங்களுக்குக் கிடைத்தது ஒரு சீடியில் மட்டும். கொப்பிக்குக் கொப்பி அடித்து, இரைச்சல் பாதியும் பாட்டுப் பாதியுமாக இருந்த சீடி. மச்சாள் அதைத் தேயத் தேயக் கேட்டாள். "இந்தா, இந்த இடத்தில அண்ணன் மூச்செடுப்பார், கேள்" என்று மெஷினை நிறுத்தி விரலைத் தூக்குவாள். எனக்கு ஒரு மூச்சும் கேட்காது. கேட்டதென்று தலையாட்டிவைப்பேன். "சாமத்தியப்பட்ட குமர்ப்பிள்ளைகள் கேக்கிற பாட்டாடி இது, காது கிழியிது" என்று மாமி ஏசுவா. மச்சாள் சத்தத்தைக் கூட்டுவாள்.

அந்தக் குழு புளியந்தீவு மைதானத்தில் பெரிய நிகழ்ச்சி ஒன்று வைக்கப்போகிறது என்று தெரிந்தபோது மச்சாளுக்குக் குவைத் விசா வந்திருந்தது. நிகழ்ச்சி வெள்ளிக்கிழமை, பயணம் அடுத்த புதன்கிழமை. அவளுக்குக் கீழே இரண்டு தங்கச்சிமார். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் பேச முடியாது. ஆகவே போவதைப் பற்றி அவள் ஒரு சொல் முறையிட்டதில்லை. "ஒரு நாள், ஒரே ஒரு நாள் எனக்கெண்டு தா புள்ள. நீயும் வா, தனிய விட மாட்டாங்க" என்று மட்டும் கேட்டாள்.

ஆறு மணிக்குள் முடிக்க வேண்டும் என்று அனுமதி கொடுத்ததால் நிகழ்ச்சியைப் பின்னேரம் இரண்டு மணிக்கே தொடங்கினார்கள். வைகாசி வெயில், தலைக்கு மேலே ஓர் ஓலைக் கிடுகுகூட இல்லை. எங்கள் ஊரில் அம்மன் சடங்கு நடக்கிற நாட்கள் அவை. சோதனையில் பாஸ் பண்ண வேண்டுமென்று நேர்ந்து, நான் பகல் முழுவதும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் பிடித்துக்கொண்டிருந்தேன். விரதத்தோடு ஆட்டம் பார்க்கப் போவது தெரிந்தால் அம்மா கதவைப் பூட்டியிருப்பா. மச்சாளுக்குச் சொன்னால் அவளே என்னைக் கூட்டிப்போக மாட்டாள். "சாப்பிட்டியா?" என்று பஸ்ஸில் கேட்டாள். "ஓம், வயிறு முட்ட" என்றேன். என் வாய்க்கு அன்றைக்கு ஒரு சூடு போட்டிருக்க வேண்டும்.

ஐந்து மணி வரை தாங்கினேன். மச்சாள் சனத்தை இடித்துத் தள்ளி மேடைக்கு நாலு வரிசை பின்னுக்கு எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தாள். ட்ரம்ஸ் அடிக்கிற ஒவ்வோர் அடியும் என் வெறும் வயிற்றில் விழுந்தது. பிறகு மேடை சரிந்தது, வானம் மஞ்சளாகியது, மச்சாளின் தோளைப் பிடிக்கப் போன கை காற்றைப் பிடித்தது. கண் திறந்தபோது மைதானத்துக்கு வெளியே வாவிக் கரையில், ஒரு வாகை மரத்தின் கீழ் கிடந்தேன். தலை அவள் மடியில். அந்தச் சனத்துக்குள்ளால் என்னை எப்படி இழுத்து வந்தாள் என்று இன்றைக்கும் தெரியாது. ஒரு முழங்கை உரசி இரத்தம் கசிந்தது, அவளுடைய முழங்கை. யாரிடமோ வாங்கிய சோடாவை என் வாயில் விட்டுவிட்டு, சால்வையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் உள்ளே அந்தச் சத்தம் எழும்பியது. அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத சத்தம். கரையில் இருந்த கொக்குகள்கூடக் கிளம்பிப் பறந்தன. அதைத் தொடர்ந்து பாட்டு. "என்ன மச்சாள் சத்தம்?" என்று கேட்டேன். "ஒண்டுமில்ல. றெக்கோட் போட்டிருக்காங்க. கண்ண மூடிற்றுக் கிட" என்றாள். நான் மூடிக்கொண்டேன். விசிறிய கை மட்டும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. கை உளைகிறதாக்கும் என்று நினைத்தேன்.

நாங்கள் எழும்பி வாசலுக்கு வந்தபோது சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தது. முன்கூட்டி ஒருவருக்கும் சொல்லாமல் பாட்டுக்கார அண்ணன் வந்தாராம். நடுவில் எல்லாரும் வாசிப்பதை நிறுத்த, ட்ரம்ஸ்காரர் எழும்பி நிற்க, பின்பக்கத்தால் ஏறி வந்து ஒரேயொரு பாட்டுப் பாடிவிட்டுப் போய்விட்டாராம். எனக்கு மச்சாளின் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

பஸ்ஸில் முக்கால்வாசி நிகழ்ச்சிக்கு வந்த சனம். தையல் கடையில் அவளோடு வேலை செய்கிறவள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "நீங்க ரெண்டு பேரும் எங்க நிண்டீங்க? அண்ணனக் கண்டீங்களா?" நான் உள்ளதைச் சொல்ல வாயெடுத்தேன். மச்சாள் முந்திக்கொண்டாள். "காணாம? செருப்பக் கழட்டிப் படியடியில வச்சிற்றுத்தானே ஏறினார். நீ கவனிக்கல்லியா?" கேட்டவள் ஒரு கணம் திகைத்தாள். தான் கவனிக்கவில்லை என்று சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? "ஓம் ஓம், கண்டன்" என்றாள். முன் சீற்றில் ஒருவர் தானும் கண்டதாகச் சொன்னார். கல்லடிப் பாலம் தாண்டுவதற்குள் பஸ்ஸில் இருந்த எல்லோரும் கண்டிருந்தார்கள். காத்தான்குடியில் ஆள் இறங்கும்போது, அண்ணன் மேடைப் படியைத் தொட்டுக் கும்பிட்டதையும் சேர்த்துச் சொன்னவர் கண்டக்டர். அந்த மனிசன் மைதானத்துப் பக்கமே வரவில்லை.

"ஏன் மச்சாள் பொய் சொன்னாய்?" என்று இறங்கியதும் கேட்டேன். "ஆக்களக் காட்டிக்குடுக்கவா சொல்றாய்? நீ விழுந்து என்னையும் பாக்க விடாமப் பண்ணினாய் எண்டு ஊரெல்லாம் உன்னக் கிழிக்கும். அதக் கேட்டுற்றா நான் பிளேன் ஏறணும்?" என்றாள். புதன்கிழமை போய்விட்டாள். இரண்டு வருடமென்று போனவள் ஒன்பது வருடம் இருந்தாள். இரண்டு தங்கச்சிமாருக்கும் வீடு எழும்பியது. தொலைபேசியில் எல்லாம் பேசுவோம், அந்த வெள்ளிக்கிழமையைத் தவிர. நான் சோதனை பாஸ் பண்ணினேன். கந்தோரில் எழுதுகிற வேலையும் கிடைத்தது. மின்விசிறிக்குக் கீழே இருந்து தேநீர் குடிக்கும்போதெல்லாம், அவளுடைய ஒரு நாளைத் தின்றுவிட்டேன் என்ற எண்ணம் வரும்.

பொய்யோ தன்பாட்டுக்கு வளர்ந்தது. ரசிகர்கள் பேஸ்புக்கில் எழுதினார்கள். புதிதாக வந்த குழுக்கள் அதைப் படித்துவிட்டுச் செருப்பைக் கழற்றத் தொடங்கினார்கள். நானும் மச்சாளும் அதைச் சொல்லிச் சிரித்ததும் உண்டு. போன மாரியில் அந்தச் சிரிப்பு நின்றது. செட்டிபாளையத்தில் ஒரு பின்னேர நிகழ்ச்சி. தூறல் விழுந்து மேடைப் பலகை ஈரம். கிற்றாரோடு வெறுங்காலில் நின்ற இளைஞர் மைக்கில் வாயை வைத்ததும் கரண்ட் அடித்துத் தூக்கி எறிந்தது. உயிர் தப்பியது அம்மன் புண்ணியம். ஆஸ்பத்திரி வார்ட்டில் போய்ப் பார்த்தோம். வலது கை நடுங்கிக்கொண்டே இருந்தது. "அண்ணன் மாதிரிச் செருப்புக் கழட்டித்தான் ஏறுவான், அவ்வளவு பக்தி" என்று அவருடைய தாய் எங்களுக்குச் சொன்னா. அன்றைக்கு மச்சாள் ஒரு வாய் சோறு தின்னவில்லை.

போன மாதம் பழைய ரசிகர்கள் புளியந்தீவில் ஒரு மண்டபத்தில் கூடினோம். அந்த நாளைப் பற்றி ஒவ்வொருவரும் சொல்வதை வீடியோ எடுத்துப் போடுவது திட்டம். செருப்பை முதலில் கண்டவள் என்று மச்சாளுக்கு முன் கதிரை. அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. மணிக்கட்டைப் பிடித்தேன். "சொல்லாத மச்சாள்" என்றேன். இந்த வயதிலும் என் பயம் என்னைப் பற்றித்தான் இருந்தது, வெட்கக்கேடு. அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு எழும்பினாள்.

"நான் அண்ணனக் காணல்ல. செருப்பு நான் கட்டின கதை. இனி ஒரு பிள்ளையும் வெறுங்காலோட கரண்டுக்குப் பக்கத்தில நிக்க வேணாம்."

மண்டபம் கொதித்தது. "என்ன தங்கச்சி பேசுறீங்க, நான் என்ட ரெண்டு கண்ணாலயும் கண்டன். கறுப்புச் செருப்பு" என்று வங்கியில் வேலை செய்கிற ஒருவர் எழும்பினார். "கறுப்பில்ல, பிறவுண்" என்றார் பின்னால் ஒருவர். நிறத்தில் சண்டை தொடங்கியது. வீடியோ எடுத்த தம்பிதான், "அப்ப நீங்க எங்க நிண்டீங்க அக்கா?" என்று கேட்டார்.

"வெளிய, மரத்துக்குக் கீழ. இவ மயங்கி விழுந்துற்றா. இவட தல என்ட மடியில. றெக்கோட் போடுறாங்க எண்டு இவக்குச் சொன்னன்."

"அண்ணன் வந்தது உங்களுக்கு மறுகா, ஆக்கள் சொல்லித்தான் தெரியுமா?"

"இல்ல தம்பி. முதல் வரிக்கு மூச்செடுத்தார்தானே, அப்பவே தெரியும்."

பன்னிரண்டு வருடமாக எனக்குத் தெரியாதது இது. வாசலுக்கு வந்த பிறகுதான் அவளும் அறிந்தாள் என்று நினைத்திருந்தேன். ஐம்பது யார் தூரத்தில் அவர் பாடப் பாட, அது யாரென்று தெரிந்தே அவள் என் தலையை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சண்டை பிடித்தவர்கள் அடங்கிவிட்டார்கள். நின்றுகொண்டிருந்த வங்கிக்காரர், "நானும் செருப்பக் காணல்லத்தான்" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் கையை உயர்த்தினார்கள்.

வெளியே வந்ததும் நான் அவளோடு சண்டைக்குப் போனேன். "ஏன் எனக்குச் சொல்லல்ல? சொல்லியிருந்தா நான் 'எனக்கு ஒண்டுமில்ல, நீ ஓடு' எண்டு கலைச்சிருப்பனே!"

மச்சாள் சால்வையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அதுக்குத்தான் சொல்லல்ல. நீ ஓடு எண்டிருந்தா, நான் உன்ன விட்டுற்று ஓடியிருப்பன் புள்ள."